தகர டப்பாவுக்குப் பதிமூணு மார்க்கு

மலையாண்டி அண்ணே ஷட்டர எறக்கி வெளிய பூட்டப் போட்டுட்டுப் போனப்ப மணி பத்தரை. உள்ள நாங்க மூணு பேரு. நானு, ஹாலாஸ்யம், விருமாண்டி. கடைன்னதும் பெருசா நெனச்சுறாதீக. டவுன்ஹால் ரோட்டுல இருந்து உள்ள போற சந்துல ஒரு ரெக்கார்டிங் சென்டரு, ஆறடிக்குப் பத்தடி. மூணு செவுத்துலயும் கேசட்டு அடுக்குன தட்டு. நடுவுல ஒரு பெஞ்சு. மேசை மேல ரெக்கார்டு பிளேயரு, பக்கத்துல பதியுற டெக்கு. ஜன்னல் கெடையாது. கக்கூசு கெடையாது. கடேசியாச் சொன்னத மட்டும் ஞாவகம் வச்சுக்கங்க, விருமாண்டிக்கு அதான் பெரச்சன.

அன்னைக்கு பந்த்து. யாரு நடத்துனா, எதுக்கு நடத்துனாய்ங்கன்னு இப்பக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. தெறந்த கடையப் பாத்தா கல்ல விடுவாய்ங்க, அது மட்டும் தெரியும். அதனால பந்த்து அன்னைக்கு அவசர வேலை வந்தா அண்ணே ஒரு வழி வச்சிருந்தாரு. ஆள உள்ள விட்டு, வெளிய பூட்டத் தொங்க விட்டுட்டு, வீட்டுக்குப் போயிருவாரு. பாக்குறவனுக்கு அது பூட்டுன கடை. உள்ள வேலை பாட்டுக்கு ஓடும். ஒரே கண்டிசன், வெளிய சத்தம் கேக்கக்கூடாது. ரெண்டு ஸ்பீக்கர் ஒயரயும் புடுங்கிச் சுருட்டி மஞ்சப் பையில போட்டு அவரே எடுத்துட்டுப் போயிட்டாரு. எங்க மேல அம்புட்டு நம்பிக்கை. அப்பப் பாட்டு ஓடுதா இல்லையான்னு எப்பிடிண்ணே தெரியும்னு கேட்டேன். டெக்குல ரெண்டு முள்ளு இருக்குல்ல, அது ஆடுனா ஓடுதுன்னு அர்த்தம்னாரு. ஃபேன் போடாத, அது கடகடங்கும். டெக்குல நான் சொன்ன ரெண்டு பட்டனத் தவிர வேற எதையும் தொடாத. ஒரு மணிக்கு வாரேன். போயிட்டாரு.

நாங்க பதிய வந்தது ஒரு ராக் ஆல்பம். 'கோல்ட் லான்டர்ன்'னு நாலு பேரு சேந்த குரூப்பு. ரெண்டு பிளேட்டு உள்ள டபுள் ஆல்பம், பதிமூணு பாட்டு. அட்டையில வரிசையா செங்கல் பொகைபோக்கி, அதுக்கு மேல அழுக்கு வானம், அம்புட்டுதான் படம். நம்ம மதுரையில மொத்தம் எத்தன பேரு இதக் கேட்டிருப்பான்னு நெனைக்கிறீக? மூணு பேரு. அந்த மூணும் இப்ப ஒரே ஷட்டருக்குள்ள.

பிளேட்டு ஹாலாஸ்யத்தோட அத்தை மக ஸ்யாமளா அக்காவோடது. அவங்க நாகமலை புதுக்கோட்டை பக்கம் யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி படிச்சவுங்க. ஹாஸ்டல்ல பிளேயர் இல்லன்னு நாலு மாசமா ஹாலாஸ்யம் வீட்டுலயே போட்டு வச்சிருந்தாங்க. இப்ப டெல்லியில வேலை கெடச்சு, அன்னைக்கு சாயங்காலம் ரயிலு. பிளேட்டு அவங்களோட போயிரும். அதோட சரி.

நாலு மாசம் என்ன புடுங்குனீங்க, அப்பவே பதிஞ்சிருக்கலாம்லன்னு நீங்க கேப்பீக. ஞாயமான கேள்வி. மார்க்கு முடியலங்க, அதான்.

ஹாலாஸ்யத்தோட அப்பா பட்டாபிராமன் சாரு கணக்கு வாத்தியாரு. வீட்டுல பழைய மார்க்கு நோட்டு நெறையக் கெடக்கும். அதுல ஒண்ண இவன் எடுத்து, பேரு எழுதுற எடத்துல பாட்டு பேர எழுதி, ஒவ்வொரு பாட்டுக்கும் மூணு பேரும் நூத்துக்கு எத்தனன்னு போடணும்னு ஆரம்பிச்சு வச்சான். ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு. அதப் போட்டுப் போட்டுக் கேட்டு, சண்டை போட்டு, மார்க்கு போட்டு, கையெழுத்தும் போடணும். பதிமூணு பாட்டையும் மார்க்கு போட்டு முடிச்சுட்டுப் பதியுவோம்னு இருந்தோம். முடிஞ்சது போன ஞாயித்துக்கெழமை. அக்கா ரயிலு இந்த வெள்ளிக்கெழமை. நடுவுல நாலு நாளு யாரு கேசட்டு வாங்குறதுன்னு பேசுனோம்.

இங்கிலீஷ் பேரு எங்க வாயில நொழையாது, அதனால நாங்களே பேரு வச்சிருந்தோம். மழைப் பாட்டு. கழுத, ஏன்னா நடுவுல கிட்டாரு கத்துறது அச்சு அசல் அதேதான். கோபுரம், ஏன்னா அது நெலையா நெலையா ஏறிக்கிட்டே போயி உச்சியில நின்னுரும். அப்பறம் தகர டப்பா. அதுல வார்த்தையே கெடையாது. ஆறு நிமிசம் நாப்பது செகண்டு, வெறும் டிரம்மும் பேஸ் கிட்டாரும் டக்கு டக்கு டக்குன்னு ஒரே மாதிரி. ஹாலாஸ்யம்தான் அந்தப் பேர வச்சான். இங்கிலீஷ் மீடியம் படிச்சவன், அட்டைக்குள்ள அச்சடிச்ச வரியெல்லாம் எங்களுக்கு அர்த்தம் சொல்லுவான். இதுல வரியே இல்லையா, அவனுக்குக் கோவம்.

இப்பக் கணக்கக் கேளுங்க, கணக்குதான் எங்கள மாட்டி விட்டுச்சு. எங்க கைல தொண்ணூறு நிமிச கேசட்டு ஒண்ணே ஒண்ணு. ஒரு பக்கத்துக்கு நாப்பத்தஞ்சு. மொதப் பிளேட்டு ரெண்டு பக்கமும் சேத்து நாப்பத்திநாலு நிமிசம், சரியாப் போயிரும். ரெண்டாவது பிளேட்டு அம்பத்தியொண்ணு. ஆக, ரெண்டாவது பிளேட்டுல ஒரு பாட்ட வெட்டியாகணும். ஊரே பூட்டிக் கெடக்கு, இன்னொரு கேசட்டுக்கு எங்க போறது? தட்டுல இருக்கதெல்லாம் ஆளுக குடுத்து வச்ச கேசட்டு. விருமாண்டி அதுல ஒரு பக்திப் பாட்டு கேசட்டக் கைல எடுத்து, இது மேலயே பதிஞ்சுட்டா என்னான்னான். மலையாண்டி அண்ணே ஒன்னய அதே சாமிக்குக் காவு குடுத்துருவாருன்னேன். வச்சுட்டான்.

எத வெட்டுறது? நோட்டு இருக்கே. கொறஞ்ச மார்க்கு எதுவோ அத வெட்டு. ஹாலாஸ்யம் அந்த நோட்டக் கொண்டாந்திருந்தான். ரெண்டாவது பிளேட்டுல கடேசி தகர டப்பாதான். ஹாலாஸ்யம் இருவது, விருமாண்டி இருவத்தஞ்சு, நான் பதிமூணு. மொத்தம் முன்னூறுக்கு அம்பத்தெட்டு. அதுக்கு மேல கழுத, எழுவத்தேழு, அதுல அறுவது விருமாண்டி போட்டது.

பதிமூணுக்குப் பக்கத்துல என் கையெழுத்து. சின்னான்.

எனக்கு அன்னைக்கு உள்ள இருந்த பெரச்சன மத்த ரெண்டு பேருக்கும் தெரியாது. பதிமூணு பாட்டுலயும் எனக்கு வேணுங்கற பாட்டு அது ஒண்ணுதான்.

அப்பறம் ஏன்டா பதிமூணு போட்டன்னு கேட்டா, என்னத்தச் சொல்ல. அந்தப் பாட்டுக்கு மார்க்கு போட்ட ஞாயித்துக்கெழமை ஹாலாஸ்யம் முதல்லயே சிரிக்க ஆரம்பிச்சுட்டான். தகர டப்பா, ஈயம் பூசுறவன், பழைய இரும்புக்கடைன்னு. விருமாண்டியும் சிரிச்சான். ஹாலாஸ்யத்தோட அம்மா அகிலாண்டம் மாமி காப்பி கொண்டாந்து வச்சாங்க. அவிங்க ரெண்டு பேருக்கும் எவர்சில்வர் டம்ளரு, எனக்கு ஜன்னல்ல தனியா இருக்க கண்ணாடி கிளாசு. எப்பவும் அப்பிடித்தான், அவங்க ஒண்ணும் மொகஞ்சுளிக்க மாட்டாங்க, சிரிச்சுக்கிட்டேதான் குடுப்பாங்க. அந்தக் கிளாசக் கைல வச்சுக்கிட்டு, எனக்கு இந்தப் பாட்டுதான்டா உசுருன்னு சொல்ல வாய் வரல. அவன விட நான் ஜாஸ்தி சிரிச்சேன். அவன விடக் கொறச்சு மார்க்கு போட்டேன்.

சரி, பதிய ஆரம்பிச்சோம். ஹாலாஸ்யம் பிளேயரு முள்ள எறக்குனான், நான் டெக்குல ரெண்டு பட்டனயும் சேத்து அமுக்குனேன். சத்தமே இல்ல. பிளேட்டு சுத்துது, கேசட்டு சுத்துது, டெக்குல வெளக்கு எரியுது, ரெண்டு முள்ளும் துள்ளுது. பிளேயருகிட்டக் காத வச்சா மட்டும் எறும்பு பாடுன மாதிரி ஒரு கீச்சு. எங்களுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம், அதனால முள்ளப் பாத்தே இப்ப கிட்டாரு, இப்ப பாடுறான்னு சொல்லிருவோம். மூணு பேரும் மேசைய ஒட்டி மண்டைய மண்டைய வச்சு அந்த முள்ளையே பாத்துக்கிட்டு, வேர்த்து ஒழுகிக்கிட்டு, குசுகுசுன்னு பேசிக்கிட்டு. அடுப்புக்குள்ள உக்காந்திருந்த மாதிரி. ஷட்டரு வெயிலுல காஞ்சு அதுல இருந்து அனல் வருது.

அஞ்சு நிமிசத்துல விருமாண்டி ஒண்ணுக்கு வருதுன்னுட்டான். அவனுக்கு அவிங்க மாமன் சைக்கிள் கடையில வேலை, எந்நேரமும் டீத்தண்ணி. காலைலயே நாலு டீ குடிச்சுட்டு வந்திருக்கான். ஒரு மணி வரைக்கும் அடக்குன்னோம். பெஞ்சுல கால இறுக்கிக்கிட்டு உக்காந்துட்டான்.

ரெண்டாவது பாட்டு, மழைப் பாட்டு, ஓடுறப்ப வெளிய ஆளுக வந்தாய்ங்க. எப்பிடியும் அம்பது பேரு இருக்கும். கோசம் போட்டுக்கிட்டே சந்துக்குள்ள நொழஞ்சு எங்க ஷட்டருக்கு முன்னாடி நின்னாய்ங்க. ஒருத்தன் கம்பால ஷட்டர இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் டர்ர்ர்ருன்னு இழுத்தான். இன்னொருத்தன் பூட்டப் புடிச்சு ஆட்டுறான். உள்ள எவனாச்சும் இருக்கியாடான்னு ஒரு சத்தம். ஹாலாஸ்யம் என் கையப் புடிச்சான் பாருங்க, நகம் பதிஞ்சுருச்சு. விருமாண்டி கண்ண மூடிக்கிட்டான், அது பயமா மத்ததான்னு தெரியல. டெக்கு முள்ளு மட்டும் பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கு. அந்தக் கம்பு இழுத்தப்ப முள்ளு செவப்புக் கோடு வரைக்கும் போனுச்சு. மழைப் பாட்டுல அந்த எடத்துல இடி சத்தம் கெடையாதேன்னு ஒரு செகண்டு தோணுச்சு. தோணுனத விட்டுட்டேன். அங்கதான் நான் தப்பு பண்ணேன், ஆனா அது அப்பறம்.

அவிங்க போயிட்டாய்ங்க. நாங்க பிளேட்டத் திருப்பிப் போட்டோம்.

மொதப் பிளேட்டோட கடேசிப் பாட்டு கோபுரம். முன்னூறுக்கு எரநூத்தி எம்பத்தெட்டு வாங்குன பாட்டு, அதுல நான் போட்டது தொண்ணூத்தேழு, அது நெஜமான மார்க்கு. அது ஓட ஆரம்பிச்சுருச்சு. இது முடிஞ்சா கேசட்டத் திருப்பணும், ரெண்டாவது பிளேட்டப் போடணும். பேசணும்னா இப்பப் பேசணும்.

"என் மார்க்க மாத்தணும்"னேன்.

ஹாலாஸ்யம் திரும்பிப் பாத்தான். "எதுக்கு?"

"தகர டப்பாவுக்கு."

அவன் வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சான். "டேய், நானே பாவம்னு இருவது போட்டேன்டா. பதிமூணு போட்டவன் நீ. அதக் கொன்னதே நீதான்."

நெஜம். கணக்கு போட்டுப் பாத்தா, நான் ஒரு பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சு போட்டிருந்தாக்கூட அது எம்பதாயிருக்கும், கழுதைய வெட்டியிருப்போம்.

"அது பொய் மார்க்கு"னேன். "நீ சிரிச்சயேன்னு போட்டேன்."

முள்ளு ஏறிக்கிட்டு இருக்கு, கோபுரத்துல மொத நெலை. எனக்கு அதுக்கப்பறம் நிறுத்தத் தெரியல. டெக்குக்கு முன்னாடி தலைய வச்சுக்கிட்டே பேசுனேன், அவிங்க மொகத்தப் பாக்கல.

"அது சத்தம் இல்லடா. எங்க விசைத்தறி செட்டுல மூணாம் நம்பர் தறி இருக்கு. அது நாலு அடி ஒழுங்கா அடிக்கும், அஞ்சாவது அடி நொண்டும். இந்தப் பாட்டுல கேளு, அதே நாலு, அதே நொண்டல். எங்கப்பா இருவத்திரெண்டு வருசமா அதுக்கு முன்னாடி நிக்கிறாரு. இப்ப அவருக்கு ரெண்டு காதும் கேக்கல, நம்ம கத்துனாக் கேக்காது. ஆனா அந்த நொண்டல் மாறுனா தரை அதிர்றத வச்சுக் கால்லயே கண்டுபுடிச்சுருவாரு. திங்கக்கெழமைல இருந்து அவரு எடத்துல நானு. காலைல ஆறுல இருந்து சாயந்தரம் ஆறு. எனக்கு இன்னும் எத்தன வருசம் காது இருக்கும்னு தெரியாது. அந்தச் சனியன் புடிச்ச சத்தத்த எங்கயோ ஒருத்தன் உக்காந்து கேட்டு, இது பாட்டுன்னு பிளேட்டு போட்டிருக்கான்டா. அது எங்கிட்ட இருக்கணும்."

செல்லூருல எங்க செட்டு எங்க இருக்குன்னுகூட ஹாலாஸ்யத்துக்குத் தெரியாது. வந்ததில்ல. நானும் கூப்புட்டதில்ல.

அவன் நோட்டத் திருப்பி அந்தப் பக்கத்தப் பாத்தான். கெட்டவன் இல்ல அவன், அதச் சொல்லிக்கிறேன். மொகம் செவந்து போச்சு. அப்பறம் மெதுவாச் சொன்னான், "நீ இத அன்னைக்கே சொல்லிருக்கணும். மார்க்க அப்பறம் திருத்துனா அது மார்க்கே இல்ல." அவிங்கப்பா சொல்லுறது அது. "கேசட்டு மூணு பேருக்கும் பொது, மாப்ள. ஆளுக்குப் பத்து நாளுன்னு பேசிருக்கோம். உங்க வீட்டுக் கதைக்காக நானும் விருமாண்டியும் பத்துப் பத்து நாளு அதக் கேக்கணுமா?"

நான் விருமாண்டியப் பாத்தேன். அவன் பெஞ்சுல முன்னும் பின்னும் ஆடிக்கிட்டு இருந்தான், நெத்தியெல்லாம் வேர்வை. கழுத அவனுக்கு உசுரு. சைக்கிளுக்குக் காத்தடிக்கிறப்பக்கூட வாயாலயே அந்தக் கிட்டார வாசிப்பான்.

"எனக்குக் கழுத வேணும்டா"ன்னான். "மன்னிச்சுக்க. எனக்கு இப்ப எதையும் யோசிக்க முடியல. கழுத வேணும்."

ரெண்டுக்கு ஒண்ணு. கோபுரம் உச்சியில நிக்கிற எடத்துல முள்ளும் அப்பிடியே நின்னுச்சு, அப்பறம் படுத்துருச்சு.

நான்தான் கேசட்டத் திருப்பிப் போட்டேன். ரெண்டாவது பிளேட்டு ஓடுன முக்கா மணி நேரம் ஒருத்தனுக்கு ஒருத்தன் வாயத் தெறக்கல. நான் செவுத்தப் பாத்து உக்காந்திருந்தேன். வேற எங்க போறது, ரோட்டுல சண்டை போட்டா சைக்கிள எடுத்துட்டுப் போயிரலாம். இங்க அவன் விடுற மூச்சு என் கழுத்துல படுது. தகர டப்பா வர்ற எடத்துக்கு வந்ததும் ஹாலாஸ்யம் என்னயப் பாக்காமலே டெக்க நிறுத்திப் புடிச்சான். பிளேயர நிறுத்தல. பாட்டு பாட்டுக்கு ஓடட்டும், தாண்டுனதும் புடிச்சுக்கலாம்னு விட்டுட்டான். ஆறு நிமிசம் நாப்பது செகண்டு நான் குனிஞ்சு பிளேயரு ஓரத்துல காத வச்சுக் கேட்டேன். எறும்பு அளவுல டக்கு டக்கு டக்கு டக்கு, நொண்டல். டெக்கு முள்ளு ஆடல, கேசட்டு சுத்தல. யாரும் சிரிக்கல.

ஒரு மணிக்குப் பூட்டு தெறக்குற சத்தம், கல்லு விடுற கூட்டமெல்லாம் அதுக்குள்ள கலஞ்சு போயிருச்சு. ஷட்டர் பாதி ஏறுறதுக்குள்ள விருமாண்டி தரையோட தரையா ஊந்து வெளிய போயி ஓடிட்டான். மலையாண்டி அண்ணே உள்ள வந்தாரு, ஸ்பீக்கர் ஒயர மாட்டுனாரு, நல்லா வந்திருக்கான்னு பாப்போம்னு கேசட்ட மொதப் பக்கம் போட்டாரு.

மழைப் பாட்டு. நல்ல சுத்தமா கிட்டாரு. அதுக்குள்ள ஒரு இருமல். விருமாண்டி இருமல். அப்பறம் டர்ர்ர்ருன்னு ஒரு சத்தம், கூடவே "உள்ள எவனாச்சும் இருக்கியாடா".

அண்ணே எங்கள மொறச்சாரு. நாங்க அவர மொறச்சோம். அப்பறம் டெக்குக்குப் பின்னாடி கைய விட்டு, ஆணியில தொங்குன துண்ட எடுத்தாரு. துண்டுக்குள்ள மைக்கு. அதோட ஸ்விச்சு போட்டபடியே இருக்கு. மொத நாளு சாயந்தரம் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆட்டோவுல போடுற விளம்பரத்த அவரு கொரலுல பதிஞ்சிருக்காரு, பாட்டு பின்னாடி ஓடணும், பேச்சு முன்னாடி வரணும்னு. ஸ்விச்ச அணைக்க மறந்துட்டாரு. எதையும் தொடாதேன்னு எங்ககிட்டச் சொன்னவரும் அவருதான். தலைல ஒரு அடி அடிச்சுக்கிட்டாரு, அவரு தலைலதான்.

ஓட்டி ஓட்டிப் பாத்தாரு. ரெண்டாவது பக்கம் சுத்தம், நாங்கதான் பேசலையே. மொதப் பக்கத்துல அங்கங்க குசுகுசு, பரவால்ல. ஆனா கோபுரம். கோபுரத்துல பாட்டே இல்ல, நான்தான் இருக்கேன். கிட்டாரு பின்னாடி எங்கயோ கெடக்கு, முன்னாடி என் கொரலு கடைய அடைச்சுக்கிட்டுக் கேக்குது. "எங்கப்பா இருவத்திரெண்டு வருசமா." அண்ணே கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. ஷட்டரு தெறந்திருக்கு. சந்துல ரெண்டு பேரு நின்னு பாக்குறாய்ங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிருச்சு. அணைங்கண்ணே, அணைங்கன்னேன்.

அப்பத்தான் ஸ்யாமளா அக்கா வந்தாங்க, அவங்க அப்பா ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்து. பிளேட்டக் குடுடா, இன்னும் பெட்டி கட்டலன்னாங்க. ஹாலாஸ்யம் கெஞ்சுனான், ஒரே ஒரு பாட்டு மட்டும் திரும்பப் பதியணும், பத்து நிமிசம். அவங்கப்பா ஸ்கூட்டர அணைக்காம உறுமிக்கிட்டே நின்னாரு. அக்கா கடிகாரத்தப் பாத்துட்டு சரின்னாங்க. எந்தப் பாட்டுக்கா உங்களுக்குப் புடிக்கும்னு நான் கேட்டேன், என்னத்தையோ எதிர்பாத்து. "எனக்கு எல்லாமே ஒரே இரைச்சலாத்தான் இருந்தது"ன்னாங்க. எங்க ப்ரொஃபசர் பொண்ணு குடுத்தா, வேண்டாம்னு சொல்ல முடியல, டெல்லியில அவகிட்டத் திருப்பிக் குடுக்கணும், அம்புட்டுதான்னு சொல்லிட்டாங்க.

ஒரு பாட்டுக்குத்தான் நேரம். விருமாண்டி அதுக்குள்ள வந்துட்டான், மொகத்துல ஒரு தெளிவு. நடந்ததக் கேட்டுட்டு அவன்தான் சொன்னான், கோபுரம் எப்பிடியும் போச்சு, அந்த எடத்துல சின்னான் பாட்டயே போட்டு விட்டுருவமான்னு. நெசமாத்தான் சொன்னான். ஹாலாஸ்யம் நோட்ட மூடி வச்சுட்டு என்னயப் பாத்தான். சட்டம் பேசல. "நீயே சொல்லு"ன்னான்.

நாலு மாசமா யாரும் எங்கிட்ட அப்பிடிக் கேட்டதில்ல. ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஸ்பீக்கரு போட்டிருக்கு, ஷட்டரு தெறந்திருக்கு, சந்துல ஆளு நிக்கிறாய்ங்க, அக்கா இரைச்சல்னு சொல்லிட்டாங்க. இப்பப் போட்டா ஆறு நிமிசம் நாப்பது செகண்டு தகர டப்பா எல்லாருக்கும் கேக்கும். எங்கப்பா கதையக் கேட்ட ஆளுகளுக்கு முன்னாடி. யாராச்சும் ஒருத்தன் சிரிச்சாப் போதும், நான் மறுபடியும் கூடச் சேந்து சிரிச்சிருப்பேன், அது எனக்கே தெரியும்.

"கோபுரமே போடு"ன்னேன்.

பட்டனயும் நானே அமுக்குனேன். என் கொரலு மேல கோபுரம் ஏறுனுச்சு. எம்புட்டு நல்ல பாட்டு தெரியுமா அது. அண்ணேகூட தலைய ஆட்டுனாரு. முடிஞ்சதும் நான்தான் ரெண்டாவது பிளேட்ட உறையில போட்டேன். போடுறப்ப தகர டப்பா இருக்க எடத்தப் பெருவெரலால ஒருக்காத் தடவிப் பாத்தேன். மத்த பாட்ட விட அந்த எடம் கருப்பா, நெருக்கமா இருந்துச்சு. அக்கா மடியில வச்சுக்கிட்டாங்க. ஸ்கூட்டரு போயிருச்சு.

திங்கக்கெழமை நான் செட்டுல நின்னேன். அதப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல, நாலு அடி, ஒரு நொண்டல், நாலு அடி, ஒரு நொண்டல். வீட்டுக்கு வந்தா காதுக்குள்ள ஒரு விசிலு, படுக்குற வரைக்கும் நிக்காது. அப்பா என் பக்கத்துல உக்காந்து என் வாயப் பாத்து எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டாரு. நல்லா இருந்துச்சுன்னேன். ஒரு தடவைக்கு நாலு தடவை கத்தணும்.

கேசட்டு மொதப் பத்து நாளு ஹாலாஸ்யம்கிட்ட, அப்பறம் விருமாண்டி, மூணாவதா எங்கிட்ட வந்துச்சு. எங்க வீட்டுல மச்சான் குடுத்த ஒரு பழைய டேப் ரெக்கார்டரு இருக்கு. ஏழு மணிக்கு சோறு திங்குறப்ப போட்டேன். எங்கம்மா மலையம்மாள் வாசப்படிகிட்ட உக்காந்து தார் சுத்திக்கிட்டு இருந்துச்சு, நூல தார்க்குச்சியில சுத்தி வச்சாத்தான் காலைல தறிக்கு. அதுக்கு இந்தப் பாட்டெல்லாம் பழகிருச்சு, திட்டாது.

கோபுரம் வந்துச்சு. சுத்தமா வந்துச்சு. உச்சியில நின்னுச்சு. முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

முடியல. நான் அன்னைக்கு அவசரத்துல, கேசட்டுல பழைய கோபுரம் ஆரம்பிக்கிற எடத்துக்கு ஒரு அஞ்சாறு செகண்டு முன்னாடியே பட்டன அமுக்கிருப்பேன் போல. அதனால பாட்டு அஞ்சாறு செகண்டு முன்னாடியே முடிஞ்சுருச்சு. பழசு வாலு மாதிரிக் கொஞ்சம் மிஞ்சி நிக்குது. "எனக்கு இப்ப எதையும் யோசிக்க முடியல"ன்னு விருமாண்டி. அப்பறம் ஒரு பெஞ்சு கிறீச்சுங்குது. அப்பறம் நான், ரொம்ப மெதுவா, எனக்குச் சொன்னதாவே ஞாவகம் இல்ல, "அது சத்தம் இல்லடா"ன்னு இன்னொரு தடவ. அதோட கேசட்டு டக்குன்னு நின்னுருச்சு.

அம்மா ராட்டைய நிறுத்துச்சு.

"அது ஒங் கொரலு மாதிரியில்ல இருக்கு."

ஆமான்னேன்.

"எத சத்தம் இல்லங்கற?"

என்னன்னு சொல்றது? பாட்டு இல்ல கைல. சோத்துத் தட்டத் தள்ளி வச்சுட்டு, ஈயச் சட்டி மூடியக் கவுத்துப் போட்டு, வெரல் முட்டியால தட்டிக் காமிச்சேன். ஹாலாஸ்யம் வீட்டுல எத்தன ஞாயித்துக்கெழமை கேட்டிருக்கேன், ஒரு எடம் மறக்கல. பேஸ் கிட்டாரு வர்ற எடத்துல வாயால உறுமுனேன். நடுவுல வேகம் கூடுற எடத்துல கூட்டுனேன். ஒரு நிமிசம்கூட இருக்காது.

அம்மா தலையச் சாச்சுக் கேட்டுச்சு. நூல் வெரலுல அப்பிடியே நிக்குது.

"இது மூணாம் நம்பரு தறியில்ல?"ன்னு கேட்டுச்சு. "இதயாடா அம்புட்டு தூரம் போயி, உள்ள பூட்டிக்கிட்டுப் பதிஞ்சுட்டு வந்த?"

அப்பா மூலையில உக்காந்திருந்தவரு, அவருக்கு எதுவும் கேக்கல, சட்டி மூடிமேல என் கை போறத மட்டும் பாத்துக்கிட்டே இருந்தாரு. அஞ்சாவது அடியில நான் ஒரு தடவ கொஞ்சம் முந்திட்டேன். அவரு ஒடனே கைய ஆட்டி நிறுத்துனாரு. இப்பிடி இல்லன்னு தலைய ஆட்டிட்டு, தரையில உள்ளங்கையால தட்டிக் காமிச்சாரு, நாலு, அப்பறம் கொஞ்சம் காத்திருந்து ஒண்ணு.

திரும்ப அடின்னாரு. அடிச்சேன்.